அல்சாஸ் ஒயின் சாலைக்குப் பழைய போர்ஷே 911 ஏற்றதா? ஐந்து நாள் பயணத்துக்குப் பின் ஒரு மதிப்புரை

1990களில் வெளிவந்த போர்ஷே 911 காரை, அதாவது 993 என்ற எண்ணால் அறியப்படும் தலைமுறையைச் சேர்ந்த வண்டியை, ஓர் ஒயின் பிரதேசத்தைச் சுற்றிவரும் பயணத்துக்கு எடுத்துச் செல்லலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயணம் நடந்த இடம் பிரான்சின் கிழக்கு எல்லையில் இருக்கும் அல்சாஸ். நாள்கள் ஐந்து, பயணிகள் நானும் என் மனைவியும். எங்கள் இருவருக்குமே கார் ஓட்டுவதில் ஆசை உண்டு, இருவருக்குமே ஒயினிலும் ஆசை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; திட்டமிடும்போது எழுந்த சிக்கல்கள் எல்லாம் இந்த இரண்டு ஆசைகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் வந்தவையே.

அல்சாஸ் ஒயின் சாலை 1953ஆம் ஆண்டு மே 30 அன்று முறையாகத் திறக்கப்பட்டது. வடக்கே மார்லன்ஹைமில் தொடங்கி, வோஜ் மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டியே இறங்கி, தெற்கே டான் நகரம் வரை சுமார் 170 கிலோமீட்டர் ஓடுகிறது. இவ்வளவு குறைந்த தொலைவை ஐந்து நாள்களாகப் பிரித்துக்கொள்ளும் ஒருவருக்கு, நின்ற நிலையிலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் இந்த வண்டி எட்டும் என்ற கணக்கு எந்தப் பயனும் தராது. ஊர்களுக்குள் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். நடுத்தடுப்பு இல்லாத வெளிச்சாலைகளில் பிரான்சில் 2018 ஜூலை முதல் பொதுவான வரம்பு 80 கிலோமீட்டர். ஓர் ஊரின் தேவாலயக் கோபுரம் கண்ணாடியில் மறையும் முன்பே அடுத்த ஊரின் கோபுரம் எதிரே தெரியும். ஆகவே நான் இந்த வண்டியை எடைபோட்ட அளவைகள் வேறு: மெதுவாகப் போகும்போது அது எப்படி நடந்துகொள்கிறது, குறுகிய தெருக்களில் அடங்குகிறதா, வாங்கிய புட்டிகளைக் கெடாமல் வைத்துக்கொள்ள இடம் தருகிறதா, இரவில் அதை எங்கே விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவது.

வண்டியைப் பற்றித் தேவையான அளவுக்குச் சொல்லிவிடுகிறேன். காற்றால் குளிர்விக்கப்படும் எஞ்சின் கொண்ட 911 வரிசையில் கடைசித் தலைமுறை 993தான். 1998இல் அதன் உற்பத்தி முடிந்ததோடு அந்த மரபும் முடிந்தது. பின்சக்கரங்களுக்கும் பின்னால் அமர்ந்திருக்கும் 3.6 லிட்டர், ஆறு சிலிண்டர் பாக்ஸர் எஞ்சின் தொடக்கத்தில் 272 குதிரைத்திறனும், 1996ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து 285 குதிரைத்திறனும் தந்தது. எங்களிடம் இருப்பது ஆறு கியர் கொண்ட, கையால் கியர் மாற்றும் வண்டி. பிந்தைய தலைமுறைகளோடு ஒப்பிடும்போது இதன் உடலளவே எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது. இதன் அகலம் 1,735 மில்லிமீட்டர். 992 தலைமுறையின் அகலம் 1,852 மில்லிமீட்டர். நீளத்திலும் 27 சென்டிமீட்டர் வேறுபாடு இருக்கிறது. நெடுஞ்சாலையில் இந்த வேறுபாடு உறைக்காது. ஆனால் ஒரு பக்கம் கல்சுவரும் மறுபக்கம் அறுவடைப் பெட்டிகளை ஏற்றிய டிராக்டரும் நிற்கும் தெருவில், பன்னிரண்டு சென்டிமீட்டர் என்பது கடந்து போவதற்கும் பின்னோக்கி எடுப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடாகிவிடுகிறது. மூன்றாம் நாள் அப்படியொரு டிராக்டருக்கு எதிரே நின்றபோது, புதிய வண்டி வாங்காமல் இதையே வைத்துக்கொண்டதற்காக உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

மெதுவான ஓட்டத்தில் இதன் குணம் என்ன என்பது அடுத்த கேள்வி. கிளட்ச், பிரேக் மிதிகள் மேலிருந்து தொங்காமல் தரையிலிருந்து எழும்பி நிற்பவை. பழகாத கால் முதல் நாளில் கொஞ்சம் திணறும். பழகியபின் இரண்டாம் கியரில் ஊர்ந்து போவது எளிதாகிறது, ஏனென்றால் எஞ்சின் குறைந்த சுழற்சியிலும் தடுமாறாமல் இழுக்கிறது. காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால், வண்டிகள் தேங்கி நிற்கும் இடங்களில் அது கொதித்துப் போகுமோ என்று பலர் அஞ்சுவதுண்டு. தண்ணீரே இல்லாத எஞ்சினில் கொதிப்பதற்கு எதுவும் இல்லை. வெப்பத்தைச் சுமந்து செல்லும் வேலையில் கணிசமான பங்கை ஆயில் செய்கிறது, அதைக் குளிர்விக்கும் அமைப்பு மின்விசிறியோடு முன்பக்கம் இருக்கிறது. எனவே கவனிக்க வேண்டியது ஆயிலின் வெப்பத்தையும் அளவையும்தான். அளவை எப்போது பார்ப்பது என்பதில் பலரும் தவறுகிறார்கள். குளிர்ந்து நிற்கும் வண்டியில் அளவுகோலை உருவிப் பார்த்துவிட்டு, குறைகிறது என்று எண்ணி மேலும் ஊற்றினால் அது அளவுக்கு மீறிப் போய்விடும். எஞ்சின் நன்றாகச் சூடேறி, சமதரையில், இயங்கிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். மலையடிவாரச் சாலையில் சமதரை கிடைப்பதே அரிது என்பதால், பெட்ரோல் பங்குகளில் நிற்கும் நேரத்தை இதற்கென ஒதுக்கிக்கொண்டோம். பெட்ரோலில் 98 ஆக்டேன் வகையையே போட்டோம். பிரான்சில் அந்தக் குழாயில் இ5 என்ற குறி இருக்கும். இ85 என்று எழுதியிருக்கும் குழாய் மலிவாகத் தெரிந்தாலும் இந்த வண்டிக்கு உரியதன்று.

இனி முதன்மையான செய்திக்கு வருகிறேன். ஒயின் பயணத் திட்டங்கள் பலவற்றில் காலையில் ஒரு தோட்டம், நண்பகலில் ஒரு தோட்டம், மாலையில் இரண்டு தோட்டங்கள், இடையிடையே கார் ஓட்டம் என்று எழுதியிருக்கும். அந்தத் திட்டத்தைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். பிரான்சில் ஓட்டுநரின் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு வரம்பு 0.2 கிராம். ஒரு சுவைக்கூடத்தில் ஒவ்வொரு கோப்பையிலும் ஊற்றப்படுவது ஏறக்குறைய 4 சென்டிலிட்டர் என்று கொள்வோம். ஐந்து வகைகளைக் குடித்துப் பார்த்தால் 20 சென்டிலிட்டர், அதாவது உணவகத்தில் கிடைக்கும் இரண்டு கோப்பை. ஒரு கோப்பை சராசரியாக 0.20 முதல் 0.25 கிராம் வரை ஏற்றும் என்பது பிரான்சில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. உடல் எடை குறைந்தவர்களுக்கு இதைவிடக் கூடுதலாக ஏறும். உடலோ ஒரு மணி நேரத்தில் 0.10 முதல் 0.15 கிராம் வரையே கழிக்கிறது. ஆக, ஒரே ஒரு கூடத்தில் ஐந்தே வகைகளைப் பார்த்தவர் வரம்பின் விளிம்பில் நிற்கிறார். நன்கு பழுத்த கெவுர்ஸ்ட்ராமினர் என்ற திராட்சை வகையின் ஒயின் பதின்மூன்று, பதினான்கு விழுக்காடு ஆல்கஹால் கொண்டதாக இருப்பது சாதாரணம் என்பதையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு இன்னும் மோசமாகும்.

ஒவ்வொரு சுவைக்கூடத்திலும் படிக்கம் இருக்கும்; வாயில் வைத்துச் சுழற்றி, மணத்தையும் புளிப்பையும் உணர்ந்து, துப்பிவிடலாம். துப்புவதை அங்கே யாரும் மரியாதைக் குறைவாக எண்ணுவதில்லை. வாங்க வந்திருக்கும் தேர்ந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். இருந்தும், முப்பது ஆண்டு பழமையான, பின்பக்கம் கனத்த, மின்னணுத் துணைகள் அதிகம் இல்லாத ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டப்போகிறவர் படிக்கத்தை மட்டும் நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சிறிதளவு வாயின் வழியே உள்ளே போகத்தான் செய்யும். அதைவிட முக்கியமாக, பிடித்த ஒயினைத் துப்ப மனம் வராது.

எங்கள் திட்டம் ஒரே விதியின் மேல் நின்றது: காலை நேரம் வண்டிக்கு, மாலை நேரம் ஒயினுக்கு, முதல் கோப்பை கைக்கு வரும் முன் வண்டி அன்றைய இரவுக்கான இடத்தில் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும், சாவி அறையில் இருக்க வேண்டும். இந்த விதியை வைத்துக்கொண்டால் தங்கும் ஊரைத் தேர்ந்தெடுக்கும் முறையே மாறிவிடுகிறது. அழகான விடுதி எங்கே என்று பார்ப்பதை விட்டு, பிடித்த ஒயின் செய்பவர்கள் நடந்து போகும் தொலைவில் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தோம். அப்படித் தேர்ந்தவை இரண்டு: வடக்கில் மிட்டல்பெர்கைம், தெற்கில் எகிஷைம். ஒவ்வொன்றிலும் இரண்டு இரவுகள்.

முதல் நாள் மார்லன்ஹைமில் தொடங்கி மோல்ஸைம் வழியாகப் போனோம். ஸ்போர்ட்ஸ் காரும் ஒயினும் ஒரே ஊரில் சந்திக்கும் இடம் உலகில் அதிகம் இருக்காது, மோல்ஸைம் அப்படிப்பட்டது. எத்தோரே புகாட்டி 1909இல், அல்சாஸ் ஜெர்மானியப் பேரரசின் பகுதியாக இருந்த காலத்தில், இங்குதான் தம் தொழிலைத் தொடங்கினார். இன்றும் புகாட்டி கார்கள் இங்கேயே உருவாகின்றன. அதே ஊரின் சரிவில் புரூடர்தால் என்ற கிராண்ட் க்ரூ தோட்டம் இருக்கிறது. அல்சாஸில் கிராண்ட் க்ரூ என்ற தகுதி பெற்ற தோட்டங்கள் இன்று 51. மண்ணும் சரிவும் வெயிலும் தனிச்சிறப்பாக அமைந்த நிலம் என்று பிரித்துக் காட்டுவதற்கான அந்தத் தகுதி முறை 1975இல் வந்தது. முதலில் அதைப் பெற்றது கைசர்ஸ்பெர்க்கை ஒட்டிய ஷ்லோஸ்பெர்க். பயணத்துக்கு முன் இந்த 51 பெயர்களையும் ஒரு வரைபடத்தில் குறித்துக்கொள்வது மிகவும் பயன்படும். எந்தச் சரிவைப் பார்த்தபடி ஓட்டுகிறோம் என்று தெரியும்போது ஐம்பது கிலோமீட்டர் வேகம் மெதுவானதாகவே தோன்றாது.

இரண்டாம் நாள் காலை மோன் சேன்ட் ஒடில் மலைக்கு ஏறினோம். சுமார் 760 மீட்டர் உயரத்தில் ஒரு மடாலயம். அங்கிருந்து ரைன் சமவெளி முழுவதும் தெரியும். ஏறும் வழியில் காடு அடர்த்தியானது, சாலையில் ஈரம் தங்கியிருந்தது. பத்து மணிக்குள் போய்விட்டு, நண்பகலுக்குள் மிட்டல்பெர்கைம் திரும்பி, வண்டியை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கினோம். இங்குள்ள சோட்சென்பெர்க் தோட்டம் ஒரு தனிச்சிறப்புடையது: பெரும்பாலான கிராண்ட் க்ரூ தோட்டங்களில் ரீஸ்லிங், கெவுர்ஸ்ட்ராமினர், பினோ கிரி, முஸ்கா ஆகிய நான்கு திராட்சை வகைகளே அந்தப் பெயரைத் தாங்கலாம் என்றிருக்க, சோட்சென்பெர்க்கில் மட்டும் சில்வானருக்கும் அந்த உரிமை உண்டு. அன்றாடச் சாப்பாட்டு மேசைக்கான எளிய ஒயின் என்று ஒதுக்கப்பட்ட சில்வானர், சரியான மண்ணில் விளைந்தால் எவ்வளவு ஆழம் கொள்ளும் என்பதை இங்கே உணர்ந்தேன். கொடிகளுக்கிடையே நடந்து பக்கத்து ஊரான அந்த்லோவுக்குப் போய், கறுப்புப் பலகைக்கல் நிலமான காஸ்டெல்பெர்க்கின் ரீஸ்லிங்கையும் குடித்தோம். துப்பவில்லை. திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. இருவரும் நடந்தே வந்தோம் என்பதால் யாரும் யாருக்காகவும் தியாகம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் இடம் மாறும் நாள். தம்பாக்-லா-வில் வழியாக ஹோ-கோனிக்ஸ்பூர் கோட்டைக்கு ஏறி இறங்கி, ரிபோவில்லே, ஹூனாவிர், ரிக்விர் என்று தெற்கே வந்தோம். கோட்டை 1900 முதல் 1908 வரை பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் விருப்பப்படி புதுப்பித்துக் கட்டப்பட்டது. அதன் வரலாற்றை விட ஏறும் சாலையின் வளைவுகளே எனக்கு நினைவில் நிற்கின்றன. ரிக்விரில் மதிற்சுவருக்கு உள்ளே பார்வையாளர்களின் வண்டிகளுக்கு இடமில்லை, வெளியில் கட்டண நிறுத்துமிடங்கள் இருக்கின்றன. பதினொரு மணிக்குப் பின் அவை நிரம்பிவிடும், நெருக்கமாக நிறுத்தப்பட்ட வண்டிகளின் கதவுகள் பக்கத்து வண்டியில் இடிக்கும். ஓரத்துக் கட்டத்தைப் பிடிக்க வேண்டுமானால் ஒன்பது மணிக்கே போய்விட வேண்டும். தோட்டங்களுக்கிடையே ஓடும் காங்கிரீட் பலகைப் பாதைகளில் இறங்க வேண்டாம் என்றும் சொல்வேன். அவை உழவு வண்டிகளுக்கானவை, பல இடங்களில் வெளியாருக்குத் தடை உண்டு. பலகைகளின் இணைப்பில் உள்ள மேடு, தாழ்ந்த முன்பம்பரை உரசிவிடும்.

நான்காம் நாளைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும். இந்தக் காரை இந்தப் பயணத்துக்கு எடுத்து வந்ததற்கான முழு நியாயமும் அந்த ஒரு காலைப்பொழுதில் கிடைத்தது. ஏழு மணிக்கு எகிஷைமிலிருந்து புறப்பட்டு, கைசர்ஸ்பெர்க் வழியாக 949 மீட்டர் உயரமுள்ள கோல் து பொனோம் கணவாய்க்கு ஏறினோம். அங்கிருந்து தெற்கே மலை முகட்டை ஒட்டியே ஓடும் ரூத் தே கிரேத், தமிழில் முகட்டுச் சாலை என்று சொல்லலாம், முதல் உலகப் போரின்போது பிரெஞ்சுப் படைகளுக்குப் பொருள்கள் கொண்டு செல்ல அமைக்கப்பட்டது. எதிரணியின் கண்ணில் படாதிருக்க முகட்டின் மேற்குப் பக்கமாகவே பெரும்பாலும் அதை அமைத்தார்கள். சரக்கு வண்டிகளுக்காகப் போட்ட சாலை என்பதால் சரிவு சீரானது, வளைவுகள் நீண்டவை, ஒவ்வொரு வளைவும் அடுத்த வளைவைக் காட்டிக்கொண்டே போகிறது. 1,139 மீட்டர் உயரத்தில் கோல் தெ லா ஷ்லுக்ட், பிறகு ஓநெக், மார்க்ஸ்டைன், இறுதியில் வோஜ் மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரமான 1,424 மீட்டர் கிராண்ட் பலோன்.

911இன் எடையில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு பின்சக்கரங்களின் மேல் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவிலிருந்து மேல்நோக்கி வெளியேறும்போது அந்த எடை டயரைத் தரையில் அழுத்துவதால், ஈரச் சாலையிலும் சக்கரம் வழுக்காமல் வண்டி முன்னே பாய்கிறது. அதே எடை, இறக்கத்தில், வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து திடீரெனக் காலை எடுத்தால் வண்டியின் பின்பகுதியை வெளியே தள்ளப் பார்க்கும். பழைய 911 ஓட்டுநர்கள் அஞ்சிய குணம் அது. 993இல் பின்சக்கரங்களின் தொங்கல் அமைப்பை (சஸ்பென்ஷனை) பல இணைப்புத் தண்டுகளோடு புதிதாக வடிவமைத்ததால் அந்தக் குணம் பெரிதும் அடங்கியிருக்கிறது. அடங்கியிருக்கிறதே தவிர மறைந்துவிடவில்லை என்பதை ஷ்லுக்ட்டுக்குப் பின் வந்த ஓர் ஈர வளைவில் உணர்ந்தேன். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டு, உள்ளே போனபின் ஆக்சிலரேட்டர் மிதியை மெல்ல அழுத்திக்கொண்டே இருப்பதுதான் இதற்கு உகந்த ஓட்டம். ஸ்டீயரிங் சாலையின் ஒவ்வொரு சிறு மேட்டையும் கைக்குச் சொல்கிறது. எட்டரை மணிக்கு மேற்கே லொரேன் பக்கம் மூடுபனி, கிழக்கே அல்சாஸ் பக்கம் தெளிந்த வானம். மேற்கிலிருந்து வரும் மழை மேகங்களை இந்த மலைகள் தடுத்துவிடுவதால்தான் கீழே கோல்மார், பிரான்சிலேயே மிகக் குறைவாக மழை பெறும் இடங்களில் ஒன்றாக இருக்கிறது, அதனால்தான் அங்கே திராட்சை நிதானமாகப் பழுக்கிறது. புத்தகத்தில் படித்திருந்த அந்தக் காரணத்தைக் காரின் இரண்டு சன்னல்களிலும் ஒரே நேரத்தில் பார்த்தோம். என் மனைவி மார்க்ஸ்டைனிலிருந்து ஓட்டினார். நண்பகலுக்கு முன் எகிஷைம் திரும்பி, எஞ்சின் மூடியிலிருந்து எழுந்த சூடு அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தோம்.

அந்தச் சாலைக்கு மோட்டார் சைக்கிள்களும் மிதிவண்டிகளும் பெருந்திரளாக வருகின்றன என்பதால் வார இறுதியைத் தவிர்ப்பது நல்லது. குளிர்காலத்தில் பனியால் சில பகுதிகள் மூடப்படும். ஆகவே இந்தத் திட்டம் கோடைக்கும் இலையுதிர் காலத்துக்குமே பொருந்தும். நாங்கள் போனது செப்டம்பர். திராட்சை அறுவடையைக் காண நல்ல மாதம், ஒயின் செய்பவரைச் சந்திக்கக் கடினமான மாதம். அறுவடையின்போது சிறு குடும்பத் தோட்டங்களில் எல்லாரும் கொடியிலோ பிழியும் இயந்திரத்தின் அருகிலோ இருப்பார்கள். முன்பதிவு இல்லாமல் கதவைத் தட்டுவது அவர்களுக்கு இடைஞ்சல். பன்னிரண்டு முதல் இரண்டு மணி வரை உணவு வேளை என்பதையும், பல இடங்களில் ஞாயிறு விடுமுறை என்பதையும் நாள்களை வகுக்கும்போதே மனத்தில் கொள்ள வேண்டும். இன்னொன்று: அறுவடை டிராக்டர்கள் சாலையில் விட்டுச் செல்லும் மண்ணும் நசுங்கிய பழமும் அகலமான டயருக்கு வழுக்கும்.

புட்டிகளைக் கொண்டுவருவது இந்த வண்டியில் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டிய வேலை. அல்சாஸ் ஒயின் 1972 முதல் விளைந்த பிரதேசத்துக்குள்ளேயே புட்டியில் அடைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். அந்தப் புட்டியோ மற்ற பிரதேசங்களின் புட்டிகளை விட உயரமானது, ஒல்லியானது. பிற ஒயின்களுக்கென அளவெடுத்த அட்டைப் பெட்டியில் அது நிற்காது. 911இல் பொருள் வைக்க இரண்டே இடங்கள்: முன்பக்க டிக்கியும், பின்னிருக்கையின் சாய்வை மடித்தால் கிடைக்கும் தட்டையான பரப்பும். முதல் நாள் மோல்ஸைமில் வாங்கிய மூன்று புட்டிகளைப் பின்னிருக்கைப் பரப்பில் வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டோம். அது எங்கள் பிழை. சாய்ந்த பின்கண்ணாடி வழியே வெயில் நேராக விழும் இடம் அது, போதாக்குறைக்கு அதன் பின்னாலேயே எஞ்சின். நிலவறையில் பன்னிரண்டு டிகிரியில் உறங்கிய ஒயின் முப்பதைத் தாண்டினாலே பாழாகத் தொடங்கும். வெயிலில் மூடிக்கிடக்கும் காரின் உட்புறம் ஐம்பதைத் தொடக்கூடும். அந்த மூன்றில் ஒன்றை வீட்டில் திறந்தபோது பழ மணம் மங்கி, வெந்த ஆப்பிளின் மணமே நின்றது.

இரண்டாம் நாளிலிருந்து எல்லாவற்றையும் முன்பக்க டிக்கிக்கு மாற்றினோம். எஞ்சின் மறுமுனையில் இருப்பதால் இந்த வண்டியில் மிகக் குளிர்ந்த இடம் அதுதான், கண்ணாடியும் இல்லை. வெப்பம் புகாத மென்பெட்டி இரண்டு, ஒவ்வொன்றிலும் ஆறு புட்டிகள், இடையில் துணிகள். அதனால் உடைகளுக்கு இடம் குறைந்தது. அவற்றை மென்பைகளில் பின்னிருக்கைக்கு அனுப்பினோம். இருவர், ஐந்து நாள், பன்னிரண்டு புட்டி என்பதே இந்த வண்டியின் உண்மையான கொள்ளளவு. அதற்கு மேல் வாங்க விரும்புபவர்கள் தோட்டத்தாரிடமே அனுப்பச் சொல்லலாம், பலர் அனுப்புகிறார்கள். பெட்டிபெட்டியாக வாங்கும் நோக்கத்தோடு செல்பவர்களுக்கு இந்தக் காரை நான் பரிந்துரைக்க மாட்டேன், அவர்களுக்குக் குடும்ப வண்டியே தகும்.

வண்டியின் இரவுத் தங்கலில் எங்களுக்கு ஒரு கசப்பான அனுபவம் நேர்ந்தது. விடுதிகளில் ஒன்றில் பூட்டிய நிறுத்துமிடம் உண்டு என்று எழுத்தில் உறுதி தந்திருந்தார்கள். போய்ப் பார்த்தால், உள்ளே இறங்கும் சாய்தளம் அத்தனை செங்குத்தானது. முன்பம்பர் தரையைத் தொடாமல் இறங்க வழியே இல்லை. இரண்டு மரப்பலகைகளைக் கடன் கேட்டோம், கிடைக்கவில்லை. அன்றிரவு வண்டி தெருவிலேயே நின்றது, நான் மூன்று முறை எழுந்து போய்ப் பார்த்தேன். இடம் இருக்கிறதா என்று கேட்பது போதாது. சாய்தளத்தின் படத்தை அனுப்பச் சொல்ல வேண்டும், வாயிலின் அகலத்தை எண்ணில் கேட்க வேண்டும், சாவி யாரிடம் இருக்கும், காலை ஏழு மணிக்குத் திறப்பார்களா என்பதையும் கேட்டுவிட வேண்டும். மற்ற விடுதி அப்படிக் கேட்டபோது பொறுமையாக அளந்து பதில் எழுதியது. அங்கே தங்கிய இரவுகளில் நன்றாகத் தூங்கினேன். எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் மேற்சட்டையும் வண்டியில் இருப்பது பிரான்சில் கட்டாயம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேற்சட்டை டிக்கியில் அன்றி, கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

மொத்தத்தில் இந்தக் காருக்கு ஒயின் சாலையில் நான் தரும் இடம் உயர்ந்தது, ஆனால் நிபந்தனையுள்ளது. நாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளச் சம்மதிப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி எனக்குத் தெரியவில்லை: குறுகலான உடல், மெதுவிலும் இனிமையான எஞ்சின், பின்னால் மலை இருக்கிறது என்பதை மறக்கவிடாத ஓட்டம். இருவரில் ஒருவர் ஐந்து நாளும் குடிக்காமல் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில் போகிறவர்களுக்கு, வண்டி எதுவாயினும், அந்த ஒருவரின் பயணம் பாதிப் பயணம்தான். எரிபொருள் நூறு கிலோமீட்டருக்கு 12 லிட்டரை ஒட்டிச் செலவானது. மலை நாளைக் கழித்தால் இன்னும் குறைந்திருக்கும்.

ஐந்தாம் நாள் டான் நகரத்துக்கு மேலே எழும் ராங்கன் தோட்டத்தைக் கீழிருந்து பார்த்தோம். எரிமலைப் பாறை நிலம், நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் சரிவு. அங்கே கொடி நட்டவர்களின் உழைப்பை எண்ணிப் பார்க்கவே மலைப்பாக இருந்தது. அன்று மாலை வீடு திரும்ப ஓட்ட வேண்டியிருந்ததால் எதையும் குடிக்கவில்லை. எஞ்சிய நேரத்தை முலூஸ் நகரின் கார் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தோம். ஷ்லும்ப் சகோதரர்கள் சேர்த்த நானூறுக்கும் மேற்பட்ட கார்கள் அங்கே இருக்கின்றன. உலகில் மொத்தம் ஆறே இருக்கும் புகாட்டி ரோயால் கார்களில் இரண்டும் அவற்றுள் அடக்கம். முதல் நாள் மோல்ஸைமில் பார்த்த பெயர் இங்கே வரிசை வரிசையாக நிற்பதைப் பார்த்தபோது, வடக்கிலிருந்து தெற்காக இந்தச் சாலையைப் பிடித்தது எவ்வளவு சரியான முடிவு என்று தோன்றியது. எதிர்த்திசையில் வருபவர்களுக்கு இந்த முடிவு கிடைக்காது.

நெடுஞ்சாலையில் ஏறியபோது ஸ்டீயரிங் வழக்கத்தை விட ஒரு மயிரிழை கனமாக இருப்பதாக என் மனைவி சொன்னார். முன்பகுதி எப்போதும் இலேசாக இருக்கும் வண்டி அது; இப்போது அங்கே பன்னிரண்டு புட்டிகள் பதினைந்து கிலோவுக்குக் குறையாமல் படுத்திருந்தன. நேர்ச்சாலையில் வண்டி முன்னிலும் நிலையாகப் போனது.